மாஸ்க் வாங்குவதற்கு முன்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தையில் கல்யாணம் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே சென்னையில் மழை ஒருவழியாக விட்டிருக்கிறது. அவருக்கும் இருமல் குறைந்து, காலையில் மறுபடி மெரினாவுக்கு நடக்கப் போகிறார்.

அப்புறம், உள்ளே சின்னச் சின்ன விளக்குகள் பதித்து, முகத்தில் மாட்டிக்கொள்ளும் எல்இடி மாஸ்க் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பொதுவாகப் பயப்பட வேண்டிய பொருள் இல்லை. அதில் புற ஊதாக் கதிர் கிடையாது. 630 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய சிவப்பு ஒளி மெல்லிய சுருக்கங்களுக்கும், 415ஐ ஒட்டிய நீல ஒளி பருவுக்கும் ஓரளவு உதவும். அதுவும் வாரக்கணக்கில் விடாமல் செய்தால்தான்.

ஆனால் உனக்கு அது வேண்டாம் என்றே எனக்குப் படுகிறது. மூட்டுவாதத்துக்கு நீ ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறாய். நெடுநாள் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால்தானே கண் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்? 2019ல் நியூட்ரோஜீனா நிறுவனம் தன் பரு மாஸ்க்கைத் திரும்பப் பெற்றதே, விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும், கண்ணை ஒளி எளிதில் பாதிக்கும்படி செய்கிற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் தீங்கு வரலாம் என்றுதான்.

இன்னொன்று, உன் கன்னத்தில் கருந்திட்டாக இருப்பது மங்கு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் நீல ஒளி கருமையைக் கூட்டிவிடும், அது லேசில் போகாது. வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைத் தூண்டும். அதனால்தான் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைத் தோல் டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். சூடும் அதற்கு ஆகாது. கல்யாணத்துக்குள் முகம் தெளியணும் என்ற உன் ஆசை புரிகிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல சன்ஸ்கிரீன் வாங்கித் தினமும் பூசு, அடுப்பு வெக்கையில் அதிக நேரம் நிற்காதே.

மகள் பருவுக்காக மாஸ்க் வாங்க ஆசைப்பட்டால் தடுக்காதே. டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெடினாயின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாளா என்று மட்டும் கேள். அவை தோலை வெளிச்சம் தாங்காமல் செய்யும், அப்படியானால் டாக்டரைக் கேட்காமல் மாஸ்க்கைத் தொடக்கூடாது. கண்ணுக்கு மறைப்பு போட்டுக்கொள்ளட்டும். சீக்கிரம் பலன் வேண்டும் என்பதற்காக, மாஸ்க்கோடு வரும் குறிப்பில் சொன்ன நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கண் வலியோ பார்வையில் மாற்றமோ தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டுக் கண் டாக்டரிடம் போகச் சொல்.

பட்டு எடுக்க தி.நகர் வரும்போது உன் மாத்திரைச் சீட்டையும் கொண்டு வா. எங்கள் தெருவில் தோல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், பொறுமையாகப் பேசுவார். சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
விஜயா