ஒரு வாய், இரண்டு கை

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி, மேசை முன் உட்கார முடியவில்லை. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். "ஒன்றே போதுமாம் மகளுக்கு, சீனாக்காரன் கணக்கு" என்று எழுதியிருந்தாய். படித்ததும் சீனப் பொருளாதார அறிஞர் மா யின்சூ ஞாபகம் வந்துவிட்டார். ஒரே குழந்தைக் கொள்கைக்கு அவர்தான் மூலகர்த்தா என்று கல்லூரியில் நாம் அடித்துப் பேசுவோமே? தப்பாம். அண்மையில்தான் உட்கார்ந்து படித்தேன்.

1882-ல் செஜியாங் மாகாணத்தில் பிறந்தவர். அப்பா சின்னதாக மது வடிக்கும் தொழில் நடத்தியவர். பிள்ளை அமெரிக்கா போய், யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1914-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? நியூயார்க் நகரத்தின் வரவு செலவு! ஊர் திரும்பி பேராசிரியர் ஆனார், பிறகு கம்யூனிஸ்டுகளுக்கு முந்தைய நான்கிங் அரசின் சட்டமன்றத்தில் உறுப்பினர். ஜப்பானோடு போர் நடக்கும்போதே அதிகாரத்தில் இருந்தவர்கள் காசு பார்ப்பதை மேடை போட்டுத் திட்டினார். 1940 டிசம்பரில் பிடித்து உள்ளே போட்டார்கள். அடுத்த மார்ச்சில் சோங்கிங்கில் மாணவர்களும் நண்பர்களும் சீன வயதுக் கணக்கில் அவருக்கு அறுபதாம் பிறந்தநாள் கொண்டாடினார்கள், பிறந்தநாள்காரர் இல்லாமலே! அந்த ஊர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயரில் ஒரு மண்டபமும் கட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கம்யூனிஸ்ட் புரட்சிக்குப் பின் 1951-ல் பீகிங் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார். 1953 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 60 கோடி என்று தெரிந்ததும் கவலைப்பட ஆரம்பித்தார். விளைவதையெல்லாம் சாப்பிட்டே தீர்த்தால் இயந்திரம் வாங்கக் காசு ஏது, இதுதான் அவர் கேள்வி. 1957 ஜூலையில் கட்சிப் பத்திரிகையான மக்கள் நாளிதழில் அவர் கட்டுரை வந்தது. தாமதத் திருமணம், கருத்தடை, வீட்டுக்கு இரண்டு பிள்ளை, இவ்வளவுதான் கேட்டார். கருக்கலைப்பு கூடாது என்றும் சொன்னார், அதைக் கவனி. அடுத்த ஆண்டே தாக்குதல் தொடங்கியது. மனிதனுக்கு வாய் ஒன்றுதான், கை இரண்டு ஆயிற்றே, ஆள் கூடினால் பலம்தானே என்பது எதிர்த்தவர்களின் வாதம். மாவோவின் நினைப்பும் அதுவே. தப்பென்று ஒப்புக்கொண்டிருந்தால் பதவி தப்பியிருக்கும். எண்பதை நெருங்கியவர், தனியாகவே நின்று சண்டை போடுகிறேன் என்று எழுதினார். 1960-ல் பதவி போயிற்று.

அப்புறம் வேளாண்மை பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுத உட்கார்ந்தார். மாவோ கிளப்பிவிட்ட கலாச்சாரப் புரட்சியில் செங்காவலர் என்ற மாணவர் படை வீடு வீடாகப் புகுந்தபோது, அந்தக் கைப்பிரதி வீட்டு அடுப்பில் எரிந்தது. நீயும் நானும் ஒரு கட்டுரை தொலைந்ததற்கே ஒரு மாதம் புலம்பியவர்கள்.

1979-ல், 97 வயதில், "நீங்கள் சொன்னது சரி" என்று வந்து சொன்னார்கள். கையோடு ஒரே குழந்தை என்று உத்தரவும் வந்தது. இரண்டு கேட்டவர் தலையில் அந்தப் பழி எப்படி ஏறியது பார்! 1982 மே மாதம் போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலைக் கணக்கெடுப்பில் சீனா 100 கோடியைத் தாண்டியிருந்தது. இப்போது மூன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறார்கள், 2022 முதல் ஜனத்தொகை இறங்குமுகம்.

சரி, பேத்திக்கு என்ன பெயர் என்று நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
சேது