பிரஷர் கேஜ் இல்லாத பாய்லர்

பெமிட்ஜி அருகே, மினசோட்டா, அமெரிக்கா
அக்டோபர் 12

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

"வீட்டு வாசலில் பாய்லரா? இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாரா? சேஃப்டி வால்வு எத்தனை பவுண்டில் திறக்கும்?" என்று போனில் கேட்டீர்கள். ரைஸ் மில்லில் அத்தனை வருடம் உமி தள்ளியவருக்கு முதலில் அந்தக் கேள்விதான் வரும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

இது வீட்டைச் சூடாக்க வெளியே வைத்து விறகு எரிக்கும் பாய்லர், ஆனால் இதில் நீராவி கிடையாது. வெறும் சுடுதண்ணீர்தான். மேலே ஒரு குழாய் எப்போதும் திறந்தே இருக்கும், அதனால் அழுத்தம் சேராது. பிரஷர் கேஜே இல்லை. தகரக் கொட்டகை மாதிரி ஒரு பெட்டி. உள்ளே இரும்பில் உலை, அதைச் சுற்றி 750 லிட்டர் தண்ணீர், அதற்கு வெளியே நுரைப்பஞ்சு. தண்ணீர் 170 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (77 செல்சியஸ்) இறங்கினால் அக்வாஸ்டாட் (தண்ணீரின் சூட்டைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்) காற்றுக்கதவைத் திறந்து ஊதுவிசிறியைப் போடும். 180-ஐ (82) தொட்டதும் மூடிவிடும். மூடிய பிறகு தணல் மூச்சடக்கிக் கிடக்கும். பின்பக்கத்தில் ஒரு சின்னப் பம்பு இந்தத் தண்ணீரை மண்ணுக்கடியில் ஓடும் ஒரு அங்குலக் குழாயில் வீட்டுக்குள் தள்ளுகிறது. அங்கே கார் ரேடியேட்டர் போன்ற ஒன்றின் வழியாகக் காற்று ஊதி வீடு சூடாகிறது. குளிக்கிற தண்ணீர் பிளேட் எக்ஸ்சேஞ்சரில் (மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் இரண்டு தண்ணீர் ஓடிச் சூட்டை மாற்றிக்கொள்ளும் கருவி) தனியாகச் சூடாகிறது, இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நிமிடத்துக்கு 30 லிட்டர் ஓடி, போகும்போதும் வரும்போதும் 11 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் 23 கிலோவாட் சூடு வீட்டில் இறங்குகிறது என்று கணக்கு. ஜனவரியில் மைனஸ் முப்பது, முப்பத்தைந்து வரும் ஊருக்கு அது வேண்டும்.

உங்கள் பாய்லர் வெடிக்கும் என்று பயந்தீர்கள். இது வெடிக்காது, துருப்பிடித்து ஓட்டை விழும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம் ஓடும். ஏழெட்டு வருடத்தில் ஒழுகத் தொடங்கியவையும் இந்தப் பக்கம் உண்டு. அவற்றைத் தின்றது பெரும்பாலும் நெருப்பு அல்ல. பார்க்காமல் விட்ட தண்ணீரும், கோடையில் உள்ளேயே கிடந்த சாம்பலும்தான்.

விறகை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே விறகை எடை போட்டு விற்பதில்லை, 'கார்டு' கணக்கு. நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளம், மொத்தம் 128 கன அடி. 'ஃபேஸ் கார்டு' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான், விலை கேட்கும்போதே எந்தக் கார்டு என்று கேட்க வேண்டும். காய்ந்த ஓக் ஒரு கார்டு ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். இங்கே எங்கும் வளரும் ஆஸ்பென் ஒரு டன் சொச்சம்தான். சூடும் ஏறக்குறைய அதே விகிதம். எங்கள் பழைய மாதிரிக்கு ஒரு குளிர்காலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கார்டு போகிறது.

ஈர விறகுதான் பெரிய திருட்டு. பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கித்தான் அடுப்பு வீட்டுக்குச் சூடு தரவேண்டும். பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவைத்தால் ஆஷ் மரம் ஒரு வருடத்தில் காயும், ஓக்குக்கு இரண்டு வருடம் வேண்டும். பிர்ச் மரத்தைப் பிளக்காமல் போட்டுவைக்கக் கூடாது. அதன் பட்டை நீரை வெளியே விடாது, உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். ஈரமானி வைத்துப் பார்க்கிறவர்கள் கட்டையின் வெளிமுகத்தில் குத்தி ஏமாந்துபோகிறார்கள். அப்போதே ஒரு கட்டையைப் பிளந்து, புது முகத்தின் நடுவில் குத்த வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நல்லது, 25-ஐத் தாண்டினால் இன்னும் ஒரு கோடை கிடக்கட்டும்.

கிழக்காசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்று இங்கே ஆஷ் மரங்களைக் கொன்றுவருகிறது. 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், 2009-இல் மினசோட்டாவுக்கு வந்துவிட்டது. செத்த மரம் நல்ல விறகு. ஆனால் வண்டு கண்ட மாவட்டத்திலிருந்து விறகை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, அதனால் அக்கம்பக்கத்து விறகுதான் எரிக்கிறோம். குப்பை, பிளாஸ்டிக், மருந்து ஏற்றிய பலகை, ரயில் ஸ்லீப்பர் எதையும் போடக்கூடாது. புகையால் அண்டைவீட்டார் சண்டைக்கு வருவது ஒரு பக்கம். பிளாஸ்டிக்கில் இருக்கும் குளோரின் அமிலமாகி உலைத் தகட்டையே அரிக்கும் என்பது இன்னொரு பக்கம்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை விறகு போட்டால் போதும். கதவைத் திறப்பதில்தான் கவனம். முதலில் ஊதுவிசிறியை நிறுத்தி, கதவை ஒரு அங்குலம் மட்டும் திறந்து, கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பதினைந்து வினாடி எண்ண வேண்டும். மூச்சடக்கிக் கிடந்த உலையில் எரியாத வாயு நிறைந்திருக்கும். சட்டென்று திறந்தால் காற்றுப் பட்டு 'புஸ்' என்று முகத்துக்கு நேரே பற்றும். உமி அடுப்பில் பின்னடித்துத் தாடி கருகிய கதைகள் உங்களுக்குத் தெரியும், அதே சங்கதிதான்.

தணலை முன்பக்கம் இழுத்துவிட்டு, அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு வேண்டியதை மட்டும் போட வேண்டும். அக்டோபரிலும் ஏப்ரலிலும் வாய்முட்ட நிரப்புவதுதான் பலரும் செய்யும் தப்பு. சூடு தேவையில்லாத நாளில் விறகு எரியாது, புகையும். புகை உலைச் சுவரில் குளிர்ந்து தார் மாதிரி படியும். அதைக் கிரியோசோட் என்கிறார்கள். அது புகைபோக்கியில் தடித்தால் ஒருநாள் உள்ளேயே தீப்பிடிக்கும். உலையைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் சுவரில் அமிலம் வழிகிறது என்று அர்த்தம். அடியில் இரண்டு மூன்று அங்குலம் சாம்பல் மெத்தை இருக்கட்டும், தணலைக் காக்கும். அதற்கு மேல் சேர்ந்ததை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, கட்டிடங்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். சாம்பலுக்குள் புதைந்த கங்கு நாலு நாள் கழித்தும் உயிரோடு இருக்கும்.

இனி தண்ணீர். இதில்தான் பாய்லரின் ஆயுசு இருக்கிறது.

மேலே குழாய் திறந்திருப்பதால் அழுத்தம் இல்லை, சரி. அதே வழியாகக் காற்று தண்ணீரைத் தொடுகிறது. மூடிய அமைப்பில் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் துருவை உண்டாக்கித் தீர்ந்துபோகும், இங்கே தீராது. அதனால் நைட்ரைட் கலந்த துருத்தடுப்பு மருந்தைச் சேர்க்கிறோம், அது தகட்டின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். மருந்து ஒருமுறை ஊற்றினால் முடிந்தது என்று நினைப்பவர்களின் பாய்லர்தான் சீக்கிரம் ஒழுகுகிறது. நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா உண்டு. கசிவுக்குத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனால் மருந்து நீர்த்தும் போகும். குளிர் தொடங்குமுன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை பார்க்க வேண்டும். வடிகுழாயில் முதலில் வரும் சேற்றை ஒரு வாளியில் விட்டுவிட்டு, பிறகு வருவதைப் பாட்டிலில் பிடித்து ஆறவைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டியில் நைட்ரைட்டையும் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும்) அளவையும் பார்க்கலாம். பி.எச். 8-க்கு மேல் இருக்க வேண்டும். நைட்ரைட் அளவு மருந்துக்கு மருந்து மாறும், டப்பாவில் போட்டிருப்பதைப் பார்த்து நடந்தால் போதும். நிறமும் பேசும். கறுத்த தூள் வந்தால் பழைய துரு. செங்கல் நிறத்தில் வந்தால் இப்போதும் ஆக்சிஜன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

ஆக்சிஜனைத் தடுக்காத சாதா பிளாஸ்டிக் குழாயைப் போட்டால் குழாய்ச் சுவர் வழியாகவே காற்று ஊறும். குழாய் வாங்கும்போது 'ஆக்சிஜன் தடுப்பு' என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

புதுத் தண்ணீர் நிரப்பினால் அன்றே மருந்து ஊற்றி நெருப்பு மூட்டி 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்ற வேண்டும். அப்போதுதான் கரைந்திருக்கும் காற்று மேல்குழாய் வழியாக வெளியேறும். நிரப்பி வைத்துவிட்டு அடுத்த மாதம் மூட்டுவது கெடுதல். இன்னொன்று, கழுத்துவரை நிரப்பக் கூடாது. பத்து டிகிரியிலிருந்து எண்பத்தைந்துக்குப் போகும்போது 750 லிட்டர் கிட்டத்தட்ட 24 லிட்டர் விரிகிறது. அந்த இடம் இல்லையென்றால் மருந்துத் தண்ணீர் மேலே வழிந்து வீணாகும். ஒரு பருவம் முழுக்க ஓரிரு வாளித் தண்ணீர் குறைவது ஆவியாவதால். வாரத்துக்கு ஒரு வாளி குறைந்தால் எங்கோ ஓட்டை. உலைக்குள் 'சுர்' சத்தம், ஒரே இடத்தில் ஈரச் சாம்பல், கதவுச் சட்டத்தின் வெல்டிங் ஓரம், இவற்றைத்தான் முதலில் பார்ப்பது.

திரும்பி வரும் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வரவும் விடக்கூடாது. வந்தால் உலைச் சுவரே குளிர்ந்து, புகையில் இருக்கும் நீராவி அதன்மேல் வியர்க்கும். சாம்பலும் அந்த வியர்வையும் கலந்த சேறு தகட்டைக் குழிகுழியாக அரிக்கும். தரைக்கடியில் சூட்டுக்குழாய் பதித்த வீடுகளில் இது அதிகம், ஏனென்றால் அந்தத் தண்ணீர் மிகவும் ஆறித்தான் வரும். அதற்கென்று ஒரு தெர்மோஸ்டாட் வால்வு உண்டு. சூடான தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பும் குழாயில் நேரடியாகக் கலந்துவிடும்.

மண்ணுக்கடியில் ஓடும் குழாயில்தான் பலர் காசு மிச்சம் பிடித்துப் பிறகு அழுகிறார்கள். வடிகால் குழாய்க்குள் குமிழி பிளாஸ்டிக் சுற்றி நுழைத்து விற்கும் மலிவுச் சரக்கில் நிலத்தடி நீர் புகுந்தால், பாய்லர் பூமியைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பனி பெய்த மறுநாள் காலை பாய்லரிலிருந்து வீடுவரை பனி உருகி ஒரு கோடு தெரிந்தால் அதுதான். நுரை நிரப்பிய நல்ல குழாய்க்கு இரண்டு மூன்று மடங்கு விலை, ஆனால் தோண்டுவது ஒரே தடவை.

பம்பு குளிர்காலம் முழுக்க நிற்கவே கூடாது. 80 வாட், மாதம் 58 யூனிட் ஆகும். இங்கே வடக்கே கட்டிட அஸ்திவாரத்தை ஐந்தடி தோண்டச் சொல்கிறார்கள், குளிர் அவ்வளவு ஆழம் இறங்கும். ஓடாத குழாய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. கரண்ட் போனால் நம்மூர் இன்வெர்ட்டர்தான் இங்கேயும் தெய்வம். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தால், பம்பும் ஊதுவிசிறியும் ஐந்தாறு மணி நேரம் ஓடும். அதற்கு மேல் ஜெனரேட்டர். உறைதல் தடுப்புத் திரவம் கலந்தால் என்ன என்பீர்கள். கலக்கலாம், ஆனால் அது விலை அதிகம், சூட்டைச் சுமக்கும் திறனும் குறைவு. காருக்கு ஊற்றும் விஷத்திரவத்தை மட்டும் தொடவே கூடாது, பிளேட்டில் ஓட்டை விழுந்தால் குளிக்கும் தண்ணீரில் கலந்துவிடும்.

தண்ணீர் தானாகக் கொதித்து மேலே ஆவி கக்கினால் அக்வாஸ்டாட்டைக் குறை சொல்லுமுன் கதவைப் பார்க்க வேண்டும். கதவு விளிம்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கதவுக் கயிறு நசுங்கியிருந்தால் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய், யாரும் சொல்லாமலே எரியும். ஒரு ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் தெரியும், சுலபமாக வந்தால் அந்த இடம் லூஸ். அடுத்தது காற்றுக்கதவு. அதன் விளிம்பில் ஒரு துண்டுக் கரி சிக்கினாலும் மூடாது. வீட்டில் சூடு குறைந்து பாய்லரில் மட்டும் 180 காட்டினால் பம்பு, வடிகட்டி, குழாயில் மாட்டிய காற்று, இந்த வரிசையில் பார்ப்பது. போகும் குழாயும் வரும் குழாயும் பத்து முதல் இருபது ஃபாரன்ஹீட் வித்தியாசத்தில் இருந்தால் ஓட்டம் சரி. நாற்பது காட்டினால் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருக்கிறது. குளியல் தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பானால் பிளேட்டில் உப்புப் படிந்திருக்கும். வெள்ளை வினிகரைச் சின்னப் பம்பில் இரண்டு மணி நேரம் சுற்றவிட்டால் கழன்றுவிடும். தண்ணீர் இறங்கி உலை காய்ந்து சிவந்திருந்தால் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது என்று உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதம் நெருப்பணைத்த அதே வாரத்தில் சாம்பல் முழுவதையும் அள்ளி, மூலைகளைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். சாம்பல் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மூன்று மாதம் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால், குளிர்காலம் முழுவதும் செய்யாத சேதத்தைச் செய்யும். பிறகு உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, புகைபோக்கிக்கு மூடி, கதவு சாத்து. தண்ணீரை மட்டும் வடிக்கக் கூடாது. காலியான தொட்டி நிரம்பிய தொட்டியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். பின்பக்கப் பலகையைக் கழற்றி எலிக்கூட்டையும் எடுக்க வேண்டும், ஒயரைக் கடித்துவைக்கும்.

2020 மே 15-க்குப் பிறகு விற்கும் புது பாய்லர்கள் அமெரிக்க மத்திய அரசின் புதிய புகை வரம்புக்குள் இருந்தாக வேண்டும். அவற்றில் புகை இன்னொரு அறையில் மறுபடி எரிகிறது. விறகு குறைவாகப் பிடிக்கும், ஆனால் ஈர விறகை அறவே ஏற்காது, குழாய்களை வாராவாரம் தேய்க்க வேண்டும். அதைப் பற்றி இன்னொரு கடிதத்தில்.

உதிரியாக ஒரு பம்பு, ஒரு அக்வாஸ்டாட், காற்றுக்கதவைத் திறக்கும் மின்காந்தம் (சொலினாய்டு) ஒன்று, பத்தடிக் கயிறு எப்போதும் அலமாரியில் இருக்கிறது. அந்தக் கயிற்றைப் பற்றி உங்களிடம் ஒரு சந்தேகம். மில் பாய்லரின் மேன்ஹோல் மூடிக்குக் கயிறு வைக்கும்போது கிராஃபைட் பூசுவீர்களே, அதை எண்ணெயில் குழைத்தீர்களா, தண்ணீரிலா? அடுத்த வாரம் கதவுக் கயிறு மாற்ற வேண்டும், அதற்குள் போனில் சொன்னாலும் போதும்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி மகன்