விடுதிகளின் நட்சத்திர மதிப்பீடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வேலூருக்கு வருவோரில் பலர், காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் முன்பே, செல்பேசியில் நட்சத்திரங்களைப் பார்த்துத் தங்கும் விடுதியை முடிவு செய்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில், மூன்றே பேர் மதிப்பிட்ட புதிய விடுதி 5 நட்சத்திரங்களோடு மேலே நிற்க, பல நூறு பேர் 4.5 கொடுத்த பழைய விடுதி அதற்குக் கீழே கிடக்கிறது. வெறும் சராசரியை வைத்து வரிசைப்படுத்துவதே இதற்குக் காரணம். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது ‘நன்று’ என்றவர்களின் விகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிட, அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வின் வில்சன் 1927-லேயே வாய்பாடு தந்துவிட்டார்.

சென்ற மாதம் அந்தப் புதிய விடுதியின் வாசலில், கையில் எக்ஸ்ரே உறையோடு ஒரு பெரியவர், லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தபடி மூச்சு வாங்க நின்றார். அறையைக் காலி செய்கிறவர்களிடம், ஐந்து நட்சத்திரம் போட்டால் நூறு ரூபாய் தள்ளுபடி என்று அங்கே கேட்டு வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

இணைய மதிப்புரைகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை விருப்பத் தரநிலையாகவே வெளியிட்டது. நோயாளிகள் தங்கும் இடங்களுக்காவது அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

— ஒரு வாசகர், வேலூர்