செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கடலோர ஊர்ச் சங்கத்தின் வழக்கமான காரியங்கள் இந்த ஆண்டும் குறைவில்லாமல் நடந்தன. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. பொங்கலுக்குக் கோலப்போட்டியும், மீன்பிடித் தடைக்காலத்தில் இளைஞர்களுக்குக் கைப்பந்துப் போட்டியும் வைத்தோம். தெருவிளக்குகளுக்காக ஊராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

இனி, சங்கக் கட்டடத்தின் முன்புறத்தை அழகுபடுத்தும் வேலை. சென்ற பொதுக்குழுவில் போட்ட தீர்மானம் அது. கொரியன் புல் போடலாம் என்று சிலர் சொன்னார்கள், விலையும் விசாரித்தோம். அந்தப் புல் பசுமையாக இருக்க இடைவிடாமல் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புகிற பெண்கள் இருக்கும் ஊர் இது. அவர்கள் கண்முன்னே புல்லுக்கு நீர் தெளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இராவணன் மீசை என்னும் நம் கடற்கரைப் புல்லை முன்மொழிந்தேன். குழுவில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டார்கள், பதிவேட்டில் கையெழுத்தும் இருக்கிறது.

"கடற்கரையில் தானாகக் கிடக்கும் முள்ளை எதற்குக் கொண்டுவந்து நட வேண்டும்?" என்று சிலர் வெளியே பேசுவது என் காதுக்கும் வந்தது. அவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தனுஷ்கோடி போகும் வழியில் மணல்மேட்டின் மேல் வெள்ளி பூசியதுபோல் பச்சையும் சாம்பலுமாகப் படர்ந்திருக்கிறதே, அதுதான் இந்தப் புல். தாவரவியலார் ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ் என்பார்கள். இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியக் கரைகளில் இயல்பாகவே வளர்வது, வெளியிலிருந்து வந்த புல் அல்ல. உப்புக் காற்றும் கொதிக்கும் மணலும் இதை ஒன்றும் செய்வதில்லை. தரையோடு ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விடும். மணல் வந்து மூடினால் மற்ற செடிகள் பலவும் சாகும். இதுவோ மூடிய மணலுக்கு மேலே புதுத் தளிர் விட்டு, அந்த மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் முள் உருண்டை முற்றியதும் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டு ஓடி, போகிற வழியெல்லாம் விதை போடும். பிள்ளைகள் அதைத் துரத்துவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இவ்வளவு அழகான ஒரு புல் நம் வாசலில் நிற்கக் கூடாதா?

அழகு மட்டுமல்ல. மழைத்தண்ணீர் மணல்மேட்டில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்பதால்தான் நம் ஊற்றுகளில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. மேடு கரைந்தால் ஊற்றும் உவர்க்கும். அந்த மேட்டைக் கட்டி வைத்திருப்பது இந்தப் புல்லும் அடும்புக்கொடியும்தான்.

கடற்கரைப் புறம்போக்கில் நாம் கை வைக்கவில்லை. மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி பாதுகாக்கப்பட்டவை, அவற்றைக் கலைக்கக் கூடாது. உறுப்பினர் ஒருவர் தம் பட்டா நிலத்திலிருந்து தண்டுகளை வெட்டிக்கொள்ள மனமுவந்து அனுமதித்தார். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, ஐப்பசியில் முதல் மழை மணலில் இறங்கியதும் நட்டோம். கணுக்கள் மணலுக்குள், நுனி மட்டும் வெளியே. எருவும் போடவில்லை, உரமும் போடவில்லை. மழை விட்டிருந்த நாட்களில் மட்டும் குடத்தில் தண்ணீர் விட்டோம், கார்த்திகைக்குப் பிறகு அதுவும் தேவைப்படவில்லை. இலை நுனி குத்தும் என்பதால் நடைபாதையிலிருந்து தள்ளியே நட்டிருக்கிறோம். முளைத்து வந்த சீமைக்கருவேலங் கன்றுகளையும் அவ்வப்போது பிடுங்கினோம்.

நடவு நாளுக்கு எல்லா உறுப்பினர்களுக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் போனது. கட்டைவிரல் குறி நிறைய வந்தது, ஆள் வரவில்லை. வந்தவர்கள் தலைவரும், பொருளாளரும், மகளிர் குழுவைச் சேர்ந்த சிலரும், பள்ளிப் பிள்ளைகளும்தான். ஒரு காலைப் பொழுது கேட்டோம், அவ்வளவுதான். அதைக்கூடத் தராதவர்கள் பிறகு வேலியோரம் நின்று குறை சொல்வது நியாயமா என்று அவர்களே யோசிக்கட்டும். தை மாதம் கட்டடத்தை விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்தவர்கள் டிராக்டரை நேராகப் புல்லின் மேல் நிறுத்தினார்கள். கிழக்கு ஓரம் முழுக்க நசுங்கியது. வாடகையின் மீதியும் இன்னும் வரவில்லை. ஆனால் இந்த வைகாசியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஆரம்பித்தபோது, மேற்கு ஓரத்துப் புல் மணலைப் பிடித்து நிறுத்தியதை வந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அந்தப் பக்கம் வாசற்படிக்கு மணல் வரவில்லை. கிழக்கே வழக்கம்போல வாரிக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு போன ஆண்டைவிடக் குறைவு. செலவைக் கையிருப்பைக் கொண்டு சமாளித்தோம். புல்லுக்கு ஆன செலவு வேலிக் கம்பிக்கும் தேநீருக்கும் மட்டுமே. சந்தா நிலுவைதான் பெரிய பாரம். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் பாக்கி, அதில் வெளிநாட்டிலும் சென்னையிலும் நன்றாகச் சம்பாதிப்பவர்களும் உண்டு. கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பும் மாதத்திலும் சந்தாவைக் கொண்டுவந்து கொடுக்கிறவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெயர்ப் பட்டியலை இன்று வாசிக்கப்போவதில்லை.

தலைவருக்கும், குழுவினருக்கும், தண்டு தந்த உறுப்பினருக்கும், மகளிர் குழுவுக்கும், பள்ளித் தலைமையாசிரியருக்கும், பந்தல்காரருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு வேறொருவர் செயலாளராக வருவதானால் எனக்குச் சம்மதமே. யார் வந்தாலும் இந்தப் புல்லைப் பிடுங்கிவிட்டுச் சிமெண்ட் தளம் போடக் கூடாது என்று இன்றே ஒரு தீர்மானம் போட வேண்டுகிறேன். நானே தொடர வேண்டும் என்று குழு நினைத்தாலும் சரி. அப்போது கிழக்கு ஓரத்தை மறுபடி நடவும், கடற்கரைப் பாதையோரம் நம் பட்டா எல்லை வரை நீட்டவும் வரும் ஐப்பசிக்குள் ஆளும் பணமும் வேண்டும். ரசீதுப் புத்தகத்தைப் பொருளாளர் மேசையிலேயே வைத்திருக்கிறார், உணவு முடிந்த பிறகும் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்