பூசணி விதையில் எண்ணிக்கை

அன்பு மகளுக்கு,

பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 நெருங்குகிறது, வாசலில் வைக்கப் பூசணிக்காய் வாங்கியாயிற்று என்று நேற்றுச் சொன்னாய். பாப்பா ஐம்பது வரை ஆங்கிலத்தில் தடையின்றி ஒப்பிக்கிறாள் என்றும் மகிழ்ந்தாய். ஒப்பிப்பதும் எண்ணுவதும் ஒன்றல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன். பாலர் வகுப்பில் நான் ஆசிரியையாக இருந்த காலத்தில், இருபது வரை கடகடவென்று சொல்லும் ஒரு சிறுவனின் முன்னால் ஏழு புளியங்கொட்டைகளை வைத்தேன். வாய் முன்னே ஓட, விரல் பின்தங்க, பதினொன்று என்று முடித்தான். ஒரு கொட்டைக்கு ஒரே சொல் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அடுத்த படி, "ஆக மொத்தம் எத்தனை?" என்று கேட்டதும் குழந்தை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், அந்தப் படியை அது இன்னும் ஏறவில்லை என்று பொருள். 1978-இல் உளவியலாளர்கள் ரோஷெல் கெல்மனும் காலிஸ்டலும் வகுத்த ஐந்து எண்ணும் விதிகளில் இவ்விரண்டும் உண்டு.

இதற்குப் பூசணியைவிட நல்ல பாடப்பொருள் கிடைக்காது. மேல்மூடியை நீ வெட்டிக் கொடு. உள்ளே நாரோடு ஒட்டிக்கிடக்கும் வழவழப்பான விதைகளை அவளே கையை விட்டு அள்ளட்டும். கழுவி உலர்த்திய பின், பன்னிரண்டு குழி உள்ள முட்டை அட்டையில் ஓரத்து இரு குழிகளைக் கத்தரித்துவிட்டால், ஐந்தைந்தாக இரண்டு வரிசை நிற்கும். குழிக்கு ஒரு விதை போட்டு நிரப்பினால் அது பத்து. நிரம்பிய அட்டைக்குப் பக்கத்தில் ஒரு விதையை வைத்து, "பத்தும் ஒன்றும் பதினொன்று" என்று தமிழில் சொல்லிக் காட்டு. ஆங்கிலத்தின் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் காதுக்கு எட்டாத பத்து, நம் பதினொன்றில் வெளிப்படையாகவே இருக்கிறது. எல்லா விதைகளையும் எண்ணி முடிக்க வேண்டும் என்று உட்கார வைக்காதே. ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும், பிள்ளை சலித்துப்போவாள்.

கறுப்புத் தாளில் சிலந்தி செய்தால், ஒரு பக்கத்துக் கால்களை மட்டும் ஒட்டிவிட்டு, "எட்டுக்கு இன்னும் எத்தனை வேண்டும்?" என்று கேள். பேய் பொம்மைகளை எண்ணும்போது அவள் முகம் சுருங்கினால், அவற்றை எடுத்துவிட்டு வௌவாலோடு நிறுத்திக்கொள். சோறு ஊட்டப் பூச்சாண்டியைக் கூப்பிட்ட வழக்கம் நம் வீட்டிலும் இருந்தது; இன்று அதை நினைத்து வருந்துகிறேன், நீ அதைச் செய்யாதே.

மிட்டாய் வாங்க வீடு வீடாகப் போகும்போது, பையில் ஒன்று விழுந்ததும், "மூன்று இருந்தது, இப்போது?" என்று கேட்டுக்கொண்டே நட. திரும்பி வந்ததும் வகை பிரித்து, ஒன்றுக்கு நேராக ஒன்றாக வரிசையில் அடுக்கச் சொல். எது கூடுதல் என்பதை எண்ணுவதற்கு முன்பே கண்ணால் கண்டுகொள்வாள். நான்கு வயது நிறையாத பிள்ளை என்பதால், தொண்டையில் சிக்கக்கூடிய கடினமான உருண்டை மிட்டாய்களை அடுக்கும் முன்பே அகற்றிவிடு. ஏழு விதைகளை வைத்துக் கேட்டபோது என்ன சொன்னாள் என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா