கண்ணாடிக்கு பாலிஷ் போட ஆள் கூப்பிடும் முன்

ஆசிரியருக்கு,

சென்னையில் போர் தண்ணீர் புழங்கும் அடுக்ககங்களில் குளியலறைக் கண்ணாடித் தடுப்பு வெள்ளை பூத்துப்போவது எல்லா வீட்டிலும் உள்ள கதைதான். உடனே பாலிஷ்காரரைக் கூப்பிடாதீர்கள். ஒரு மூலையில் வினிகர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்துத் துடைத்துப் பாருங்கள், போய்விட்டால் அது வெறும் சுண்ணாம்புப் படிவு, பெரிய செலவே வேண்டாம். கண்ணாடியே அரித்திருந்தால்தான் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்துச் சக்கரத்தால் தேய்க்கும் வேலை. தேய்ப்பவர் ஈரம் காயவிடாமல் தண்ணீர் தெளிக்கிறாரா என்று பக்கத்திலேயே நின்று கவனியுங்கள், சூடேறினால் விரிசல் விடும். நகத்தில் தட்டுப்படுகிற ஆழமான கீறலை எடுத்துத்தருகிறேன் என்று ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நெளிந்து தெரியும், அதற்குக் கண்ணாடியை மாற்றுவதே மேல். எங்கள் வீட்டுக்கு ஒருவர் பெயர் ஒட்டாத ஆசிட் பாட்டிலோடு வந்தார், வாசலோடு அனுப்பிவிட்டேன்.

அப்புறம், புதிதாக டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி வாங்குபவர்கள் ஓர மெருகு, துளை எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த பிறகு அதை அறுக்கவோ துளையிடவோ போனால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். கூலி சதுர அடிக்கா, கீறலுக்கா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஒரு வாசகர், சென்னை