அடைப்புக்குறிக்குள் கனடா

வெள்ளவத்தை,
ஞாயிறு விடியற்காலை

அன்புள்ள தம்பிக்கு,

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்து, அம்மாவின் நோய் எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நீ என்னிடம் கேட்டாய். நான் உன் பெட்டியின் நிறையைப் பற்றிப் பேசினேன். மிளகாய்த்தூளைக் கைப்பையில் வைக்காதே என்றேன். நீ இரண்டாம் முறை கேட்கவில்லை, உள்ளே போய்விட்டாய். அன்று தொடக்கம் ஞாயிறுகளில் நீ பிள்ளையைக் காட்டுகிறாய், நான் சிரிக்கிறேன், நீ அலைபேசியை மருமகளிடம் கொடுத்துவிடுகிறாய். ஆறு மாதமாகிறது. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்தவனுக்கு இது மூன்றாவது தாள்.

1979-இல் பத்திரிகையில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தபோது என்னிடம் முதலில் தந்தது மரண அறிவித்தல் பக்கம். அந்த வாய்பாடு இன்றும் தூக்கத்தில் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் கொழும்பை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் அன்புத் தாயாரும் ஆவார். 'காலஞ்சென்ற' யாருடைய பெயருக்கு முன்னால் வரவேண்டும் என்பதில் ஒரு தடவை பிசகி, உயிரோடிருந்த மாமனார் ஒருவரைக் கொன்றுவிட்டேன். அடுத்த நாள் அவரே கந்தோருக்கு வந்து நின்றார். 1983-க்குப் பிறகு பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிகள் முளைக்கத் தொடங்கின: (லண்டன்), (ஜேர்மனி), (நோர்வே), (கனடா). ஒரு தாயின் ஆறு பிள்ளைகளும் ஆறு அடைப்புக்குறிகளுக்குள் இருந்த அறிவித்தல் ஒன்றையும் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவின் அறிவித்தலை நானே எழுதினேன். 'சிறிது காலம் சுகயீனமுற்றிருந்த' என்று எழுதியபின், நீ இதை இணையத்தில் வாசிப்பாய் என்ற நினைவு வந்தது. அந்த மூன்று சொற்களையும் வெட்டினேன். தொழிலில் தெரிந்தே விட்ட ஒரே பிழை அதுதான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: நான்கு மாதமும் பதினொரு நாளும்.

மருத்துவர் சொன்ன அன்று, வீட்டுக்கு வரும் வழியில் முச்சக்கரவண்டிக்குள் வைத்தே அம்மா தீர்மானித்துவிட்டாள். "மருமகளுக்கு ஐந்தாம் மாதம். இப்போது சொன்னால் அவன் இரண்டு பக்கமும் இழுபடுவான். பிள்ளை பிறந்து துடக்குக் கழியட்டும், சொல்லுவோம்." நான் ஒன்றும் பேசவில்லை. அவள் தீர்மானித்தால் அந்த வீட்டில் வேறு யார் பேசினார்கள்?

அதன்பிறகு நான் ஒளிப்பதிவாளன் ஆனேன். ஞாயிறுகளில் அவளைக் கடல்பக்க யன்னலோரம் இருத்துவேன். வெளிச்சம் கன்னத்தின் பள்ளத்தைத் தெரியவிடாது. ஊசி ஏற்றிய கை சட்டகத்துக்கு வெளியே. முடி கொட்டிய பிறகு துவாயைச் சுற்றிக்கொண்டு, "இப்போதுதான் தலைக்குக் குளித்தேன்" என்பாள். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா நீ கூப்பிடும் நேரத்துக்குத்தான் குளிக்கிறாள் என்பது உனக்கு ஒருநாளும் விசித்திரமாகப் படவில்லையா? படவில்லை. உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் அவ்வளவு கச்சிதமாகச் செய்தேன் என்பதை நீ அறியவேண்டும்.

பேத்தி பிறந்தாள். முப்பத்தோராம் நாள் சொல்வதாக இருந்தோம். இருபத்தாறாம் நாள் அம்மா போய்விட்டாள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்றுதான் சொல்லவேண்டும். கலியாணம் முடித்த புதிதில் ஒரு திரைப்படச் சங்கத்தின் காட்சிக்கு அவளைக் கூட்டிப்போனேன். சத்யஜித் ராய் 1956-இல் எடுத்த 'அபராஜிதோ'. கிராமத்தில் தாய் சர்வஜயா தனியே இருக்கிறாள். மகன் அப்பு கல்கத்தாவில் படிக்கிறான், இரவில் அச்சகத்தில் வேலை செய்கிறான். அச்சகம் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், தொழில் பாசம். தாய்க்கு நோய் வருகிறது. மகனுக்கு எழுதட்டுமா என்று கேட்கிறார்கள். பரீட்சை இருக்கிறது, எழுதவேண்டாம் என்கிறாள். ரயில் ஓசை கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்க்கிறாள். ஒரு இரவு மின்மினிகள் பறக்கின்றன, அவ்வளவுதான். அப்பு வந்து சேரும்போது வீடு வெறுமையாகக் கிடக்கிறது.

காட்சி முடிந்து காலி வீதி வழியாக நடந்து வரும்போது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "விசரி. பிள்ளைக்குச் சொல்லாமல் செத்தது பெரும் பிழை." அவள் சொன்ன தொனியும் எனக்கு நினைவிருக்கிறது, சர்வஜயா பக்கத்து வீட்டுக்காரி என்பதுபோல் கோபம்.

நீ விட்டுப்போன டேப்லட்டில் அந்தப் படத்தை இந்த ஆறு மாதத்தில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். முன்பு கவனிக்காத ஒரு காட்சி. விடுமுறை முடிந்து அப்பு புறப்படுகிறான். காலையில் எழுப்பிவிடு என்கிறான். தாய்க்கு எழுப்ப மனமில்லை, தாமதிக்கிறாள். அவன் எரிந்து விழுந்துவிட்டு ஓடுகிறான். ரயில் வருகிறது, அவன் ஏறவில்லை. திரும்பி வந்து, ரயிலைத் தவறவிட்டுவிட்டேன் என்கிறான். அவளுக்கு இன்னொரு நாள் கிடைக்கிறது. தாய் சொன்ன பொய்யை நினைத்துத்தான் எல்லோரும் அழுகிறோம். மகன் சொன்ன இந்தச் சின்னப் பொய் எனக்கு எழுபது வயது தாண்டித்தான் கண்ணில் பட்டது.

அந்தக் கதைக்கு மூலம் விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய நாவல். அதில் ஓர் இடம் இருக்கிறது. தாய் இறந்த செய்தி கிடைத்ததும் அப்புவுக்கு முதலில் வருவது துக்கமில்லை. கட்டு அவிழ்ந்ததுபோல ஒரு விடுதலை, ஏறக்குறைய ஒரு மகிழ்ச்சி. அது ஒரு கணந்தான். ஆனால் அதை எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! ராய் அந்த இடத்தால் ஈர்க்கப்பட்டே படத்தை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். வெனிஸ் விழாவில் 1957-இல் தங்கச் சிங்கம் பெற்ற அந்தப் படத்தை வங்காளத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை; தாயை விட்டு விலக நினைக்கும் மகனை அவர்களால் தாங்க முடியவில்லை. நம்மவர்களும் தாங்கமாட்டார்கள். 'பாசமலர்' பார்த்து வளர்ந்த கூட்டம் அல்லவா நாம்? அங்கே சாகும்போதுகூட அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு வசனம் முடித்துத்தான் கண்ணை மூடுவார்கள். நானும் 1961-இல் அழுத வீட்டில் பிறந்தவன்தான், குறை சொல்லவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று இரவு என் அழைப்பு வந்தபோது, இனி ஞாயிறுகளில் கூப்பிடத் தேவையில்லை என்றோ, ஊருக்குக் காசு அனுப்புவது குறையும் என்றோ ஒரு கணம் உன் மனத்தில் ஏதாவது ஓடியிருந்தால், அதை வைத்து உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே. எனக்கும் ஓடியது. அவள் மூச்சு நின்றதும் நான் முதலில் நினைத்தது, இன்றிரவு தூங்கலாம் என்று.

மலர்ச்சாலையில் நடந்ததை நீ அலைபேசியில் பார்த்தாய். உன் பெரியப்பாவின் மகன், எனக்குப் பெறாமகன், உன் இடத்தில் நின்று எல்லாம் செய்தான். உறவினர் ஒருவர் 'ஐயிரண்டு திங்களாய் அங்கமெலாம் நொந்து பெற்று' என்று பட்டினத்தாரைத் தொடங்கி, பாடலுக்கு நடுவில் அலைபேசியின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். உனக்குக் கேட்கவேண்டுமாம். பிறகு என் காதருகே, "துறவி கூடத் தாய்க்குக் கொள்ளி வைக்க வந்து சேர்ந்தார்" என்றார். அவருடைய சொந்த மகன்மார் இருவரும் சுவிஸில். நான் அவருக்குக் கோப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஜப்பானிய இயக்குநர் ஒசுவின் 'டோக்கியோ கதை' 1953-இல் வந்தது. அதிலும் ஒரு பிந்திய மகன் இருக்கிறான், ஒசாகாவில் வேலை பார்க்கும் கேய்சோ. தாய் இறந்தபிறகு வந்து சேருகிறான். கிரியை நடக்கும்போது எழுந்து வெளியே போய் இருக்கிறான். உள்ளே பிக்கு மரமணியைத் தட்டத் தட்ட, அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது, கேட்க முடியவில்லை என்கிறான். எட்டுச்செலவன்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ மொட்டைமாடிக்கு ஏறிப்போனாய். அன்று எனக்கு உன்மேல் கோபம். கேய்சோவைப் பார்த்த பிறகு இல்லை.

கனத்தை மயானத்தில் பெட்டி உள்ளே போகும் நேரத்தில் வலையமைப்பு அறுந்துவிட்டது என்று பிறகு சொன்னாய். ஆகவே நீ அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது நான் சட்டகம் வைத்த ஞாயிறு ஒன்றில். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 1997-இல் எடுத்து, அரசாங்கம் தடுத்து, உயர் நீதிமன்றம் வரை போய் 2001-இல் திரைக்கு வந்த படம். நீயும் நானும் சேர்ந்து பார்த்தோம். கண்பார்வையற்ற சிங்களக் கிழவர் ஒருவர். ஜோ அபேவிக்ரம நடித்தார். படையில் இருந்த மகனின் உடல் முத்திரையிட்ட பெட்டியில் வருகிறது. ஊரே அழுகிறது. கிழவர் நம்பவில்லை, நட்டஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட மறுக்கிறார். கடைசியில் மண்வெட்டியோடு போய்ப் புதைகுழியைத் தோண்டுகிறார். உள்ளே வாழைத்தண்டும் கற்களும். வெளியே வரும்போது நீ, "கண் தெரியாதவருக்குத்தான் பார்க்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது" என்றாய். நான் அதைப் பெருமையாக அம்மாவிடம் வந்து சொன்னேன். அதே நான் உன் கையில் ஒரு மூடிய பெட்டியைத் தந்தேன். நீ தோண்டத்தான் செய்வாய். விமான நிலையத்தில் கேட்டது அதுதான்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்கு மண்டைக்குள் ஓடியது கம்பன். இந்திரசித்தின் உடலைக் கண்டு புலம்பும்போது இராவணன் சொல்கிறான்: 'எனக்கு நீ செய்யத்தக்க கடன் எலாம் ஏங்கி ஏங்கி உனக்கு நான் செய்வதானேன்.' அந்த வரியை உரை இல்லாமல் விளங்கிக்கொண்ட தகப்பன்மார் இந்தத் தீவில் இரண்டு மொழியிலும் இருக்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுமை நடக்கவில்லை. பிந்தி என்றாலும் நீ வந்தாய்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். சனிக்கிழமைகளில் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போகிறேன். ஐம்பத்தேழாம் ஒழுங்கை ஏற்றம் முன்பு ஏற்றமாகத் தெரிவதில்லை. புறநானூற்றில் 245-ஆம் பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மனைவியைச் சிதையில் வைத்துவிட்டு ஒரு சேர அரசன் பாடியது:

யாங்குப் பெரிதாயினும் நோயளவு எனைத்தே
உயிர்செகுக் கல்லா மதுகைத் தன்மையின்

எவ்வளவு பெரிய துயரமானாலும் அதன் அளவு என்ன பெரிய அளவு, என் உயிரை எடுக்கும் வலு அதற்கு இல்லையே என்கிறான். ஒள்ளழல் பள்ளியில் அவளைக் கிடத்தினேன், அவள் போனாள், நான் 'இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே' என்று முடிக்கிறான். துக்கத்தைப் பார்த்து இவ்வளவுதானா நீ என்று கேட்கும் பாட்டு வேறு எங்கும் நான் படித்ததில்லை. காலையில் சோறு பசிக்கிறது, கிரிக்கெட் பார்க்கிறேன், இரண்டு கோப்பை தேநீர் ஊற்றிவிட்டு ஒன்றை நானே குடித்து முடிக்கிறேன். என் இதன் பண்பே. பாடியவன் பெயர் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. சாகாமல் இருக்கிறேனே என்று நொந்துகொண்டவனை, அவன் செத்த இடத்தின் பெயரைச் சேர்த்தே இலக்கியம் கூப்பிடுகிறது. ஒப்புநோக்குநர் யாரோ குறும்புக்காரராக இருந்திருக்கவேண்டும்.

அந்த ஒழுங்கையில் நடந்தபோதுதான் நெஞ்சில் ஏதோ அழுத்தியது. இரண்டு தடவை. மருத்துவரிடம் போனேன். வரும் 14-ஆம் திகதி செவ்வாய்க்கிழமை அஞ்சியோகிராம் செய்யவேண்டும் என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதத் தொடங்கி வெட்டியிருக்கிறேன், மேலே பார்த்தாயானால் தெரியும். பயப்பட இருக்கிறதா இல்லையா என்று அன்றுதான் தெரியவரும். உன் விடுமுறையையும் பேத்தியையும் மருமகளின் வேலையையும் பார்த்து நீயே முடிவு செய். வரவேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மருத்துவ அறிக்கைகளை எல்லாம் படம் பிடித்து அனுப்புகிறேன், அம்மாவுடையதையும் சேர்த்து. முதல் நாளிலிருந்து திகதி வாரியாக அடுக்கியிருக்கிறேன்.

பெறாமகன் கூட வருகிறான். காலை ஏழு மணிக்கு உள்ளே எடுப்பார்களாம். உனக்கு அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. அலைபேசியை அவன் கையில் கொடுத்து வைக்கிறேன். எங்கே பிடிக்கவேண்டும் என்று நீ சொல், அவன் அங்கே பிடிப்பான்.

அன்புடன்,
அப்பா